மரத்துக்குப் பிடித்த காற்று

நான் நிறையக் கதைக்கிறவள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த வருத்தம் என்னிடமிருந்து முதலில் பறித்தது அதைத்தான். சுவிஸில், பீல் நகரில் நாங்கள் இருக்கும் கட்டடத்தில் என் குரல் எட்டாத மாடி இல்லை என்று மகள் ஆரணி சொல்லுவாள். நான் தொலைபேசியை எடுத்தால் கீழ்வீட்டு மனிதர் தன் ரேடியோவை நிறுத்திவிட்டுக் கேட்கிறார் என்றும் சொல்லுவாள். அவருக்கு ஒரு சொல் தமிழ் தெரியாது. கதை சுவையாக இருந்தால் மொழி எதற்கு என்று நானும் விடமாட்டேன்.

என் கணவர் இதற்கு நேரெதிர். முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்கிறார். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றிவிட்டு "ம்" என்பார். அன்றைய நாள் எப்படிப் போனது என்பது முழுக்க அந்த "ம்"முக்குள் இருக்கும். நல்ல நாளின் "ம்" வேறு, முதுகு நோகும் நாளின் "ம்" வேறு. எனக்கு வித்தியாசம் தெரியும். கலியாணம் கட்டிய நாளிலிருந்து வீட்டில் கதைக்கும் வேலை எனக்கு, கேட்கும் வேலை இவருக்கு. பெயரை எழுதக் கை வரவில்லை. இனி "இவர்" என்று வரும் இடமெல்லாம் என் கணவர்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

போன மாரியில், இங்கே அது பனிக்காலம், இந்த ஒழுங்கு குலைந்துபோனது.

நான் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் முள் பூட்டுகிறவள். வினாடி முள் தலைமயிரைப் போல மெல்லியது. அதை இடுக்கியால் எடுத்து அச்சில் வைக்கும்போது நாங்கள் எல்லோரும் மூச்சை அடக்கிக்கொள்வோம். யாரும் சொல்லித் தருவதில்லை, கை பழகும்போது மூச்சும் பழகிவிடும். குளிர் தொடங்கி வீட்டில் ஹீட்டர் போட்ட சில கிழமைகளில், ஒரு காலை, அந்த முள்ளை வைத்து முடிக்கும்வரை என்னால் மூச்சைப் பிடிக்க முடியவில்லை. பாதியில் இருமல் வந்தது, முள் எங்கேயோ போய் விழுந்தது. பக்கத்து மேசைப் போர்த்துக்கீசப் பெண் குனிந்து தேடித் தந்தாள். தடிமனா என்று கேட்டாள். ஓம் என்றேன்.

அது தடிமன் இல்லை. ஒவ்வொரு நாளும் விடியும்போது உடம்பு நடுங்கும், காய்ச்சல் போலச் சுடும், நெஞ்சுக்குள் யாரோ பட்டியை இறுக்கியது போல இருக்கும். வேலைக்குப் போய் மத்தியானம் ஆகும்போது குறைந்துவிடும். தூசி ஒன்றும் வரக்கூடாது என்று வடிகட்டிய காற்று ஓடும் அறை எங்களுடையது, அங்கே எனக்குச் சுகமாக இருந்தது. வேலைதான் மருந்து என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வீட்டு டொக்டர் சளிக்காய்ச்சல் என்று அன்டிபயோட்டிக் தந்தார். அது முடிய இன்னொன்று தந்தார். மல்லியும் வேர்க்கொம்புச் சுக்கும் அவித்து நானும் என் பங்குக்குக் குடித்தேன். ஒன்றும் அசையவில்லை.

பிறகு பேச்சு குறைந்தது. குறைந்தது என்றால், நான் குறைக்கவில்லை, வசனத்தின் நடுவில் காற்று முடிந்துபோகும். அப்போதுதான் இவர் என் வசனங்களை முடித்து வைக்கத் தொடங்கினார். வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தவர்தானே, எல்லாம் மனப்பாடமாக இருக்கும் என்று நீங்கள் நினைப்பீர்கள்.

"கடைக்குப் போனால் ஒரு..." என்பேன்.

"பால்."

"இல்லை, ஒரு..."

"முட்டை."

"...கோப்பி வடிக்கிற..."

"ஓ, வடி."

"தாள்!" என்று முடிக்கும்போது எனக்கு இருமல் பிடித்துக்கொள்ளும். இவர் முதுகைத் தடவிக்கொண்டு நிற்பார். ஒரு முறையும் சரியாக முடித்ததில்லை, ஆனால் ஒரு முறையும் முயலாமல் விட்டதுமில்லை. சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

ஆரணி பேர்ன் நகரில் படிக்கிறாள். ஒரு நாள் தொலைபேசியில் நான் கதைப்பதைக் கேட்டுக்கொண்டே இருந்தவள் திடீரென்று, "அம்மா, நீங்கள் ஏன் ஒரு வசனத்தையும் முடிக்கிறேல்ல?" என்றாள். களைப்பு என்றேன். "நீங்கள் களைச்சாலும் கதைக்கிற ஆள். அப்பாட்டைக் குடுங்கோ." அன்று பின்னேரமே ரயில் ஏறி வந்து என்னை எங்கள் ஊர் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போனாள்.

அங்கே விரலில் ஒரு கவ்வியை மாட்டினார்கள். இரத்தத்தில் எவ்வளவு ஒக்சிஜன் ஓடுகிறது என்று அது காட்டும். தாதி திரையைப் பார்த்தாள், கவ்வியைக் கழற்றி வேறு விரலில் மாட்டினாள், மறுபடியும் பார்த்தாள், பிறகு என்னை நடக்க விடாமல் நாற்காலியில் இருத்தித் தள்ளிக்கொண்டு போனாள். மூச்சுத் திணறல் எவ்வளவு, பூச்சியத்துக்கும் பத்துக்கும் நடுவில் ஒரு எண் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். இரண்டு என்றேன். ஆரணி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"அம்மா, நீங்கள் விருந்துக்கு வரேல்ல. 'போதும், போதும்' எண்டு சொல்லுறதுக்கு இது சோறில்லை."

எங்களுக்கு அப்படித்தானே பழக்கம். யாராவது எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் நல்லா இருக்கிறோம் என்பது மரியாதை. இந்த நாட்டில் டொக்டருக்கும் அந்த மரியாதையைத்தான் கொடுத்து வந்திருக்கிறேன். எட்டு என்று மாற்றிச் சொன்னேன். அப்போதும் ஒன்பது என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

*

நுரையீரல் வார்டில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் மதாம் லூசி என்ற கிழவி. எங்கள் ஊரில் பாதிப் பேர் ஜெர்மன், பாதிப் பேர் பிரெஞ்சு; இவ பிரெஞ்சுப் பக்கம். மூக்கில் ஒக்சிஜன் குழாயோடு, வாயில் முணுமுணுப்போடு இருப்பா. நான் மணிக்கூட்டு வேலை என்றதும் எழுந்து உட்கார்ந்தா. வாழ்நாள் முழுக்க மணிக்கூட்டுக் கூடுகளைத் தேய்த்துப் பளபளப்பாக்கியவவாம். தேய்த்த தூசி ஒரு பக்கம், ஊதித் தள்ளிய சிகரெட் மறுபக்கம். சுவாசக் குழாய்கள் சுருங்கி, உள்ளே போன காற்று வெளியே வர முடியாமல் அடைந்து கிடக்கும் நோய் அது. எது காரணம் என்று கேட்டேன். "இரண்டும் என்கிறார்கள். தூசிக்குச் சம்பளம் தந்தார்கள், சிகரெட்டுக்கு நான் கொடுத்தேன்," என்று சிரிக்கப் போய் இருமினா. இரண்டு பேரும் சேர்ந்து இருமினோம்.

அந்த வார்டின் நடைபாதையில் எல்லோரும் மெதுவாக நடப்பார்கள். கல் வெட்டிக் கட்டடம் கட்டிய ஒரு இத்தாலியர். ஜூரா மலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு விவசாயி, பூஞ்சை பிடித்த வைக்கோலால் நெஞ்சு கெட்டவராம். ஆஸ்துமாவோடு ஒரு இளம் பெண், கைப்பையில் மூச்சுப் பம்பை ஒளித்து வைத்திருந்தாள். நடந்து வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு, யன்னலுக்கு வெளியே ஏதோ இருப்பது போல எல்லோரும் நின்று பார்ப்பார்கள். வெளியே ஒன்றுமில்லை, வாகனம் நிறுத்தும் இடம்தான். மூச்சு வாங்குவதை மறைக்கத்தான் அந்தப் பார்வை. நானும் இரண்டாம் நாளே அந்த வித்தையைப் பழகிவிட்டேன்.

அப்படி நின்றபோது எங்கள் ஆட்கள் நினைவுக்கு வந்தார்கள். துன் நகரில் ஹோட்டல் சமையலறையில் எண்ணெய்ப் புகைக்குள் நின்று, இருமலைத் "தொண்டை அரிப்பு" என்று சொல்லும் என் சித்தப்பா மகன். குளியலறை கழுவும் மருந்தை விசிறி விசிறி நெஞ்சு எரிகிறது என்று சொல்லும் சிநேகிதி. பம்ப் அடித்தால் அது பழகிவிடும், பிறகு விட முடியாது என்று பயந்து, மூச்சு நிற்கப் போகும்வரை அதைத் தொடாமல் இருக்கும் எத்தனை பேர். கலியாண மண்டபத்தில் இருமல் வந்தால் எழுந்து வெளியே போய் இருமிவிட்டு வந்து, திரும்பவும் நல்லா இருக்கிறோம் என்கிறோம். கால் முறிந்தால் எல்லோருக்கும் தெரியும். மூச்சு முறிந்தால் பக்கத்தில் படுக்கிறவருக்கே தெரியாது. ஒரு ஊரே இப்படிக் கொஞ்சம் குறைந்த மூச்சோடு வேலைக்குப் போய் வந்துகொண்டிருக்கிறது என்பது எனக்கு அந்த யன்னலடியில்தான் உறைத்தது.

வார்டின் டொக்டர் செம்பட்டை முடியோடு இளம் பெண். இதைச் சொன்னபோது அவ தலையாட்டினா. குறைந்த மூச்சுக்கு மனிதர்கள் பழகிவிடுவார்கள், அதுதான் நுரையீரல் நோயில் பெரிய தொல்லை, பழக முடியாமல் போன பிறகுதான் எங்களிடம் வருகிறார்கள் என்றா.

பரிசோதனைகள் தொடங்கின. ஒரு கண்ணாடிக் கூட்டுக்குள் இருத்தி, மூக்கைக் கவ்வியால் பூட்டி, குழாய்க்குள் ஊதச் சொன்னார்கள். வெளியே நின்ற பெண், "இன்னும், இன்னும், இன்னும்" என்று கத்துவா. பிள்ளை பெறும்போது கூட யாரும் என்னை அப்படி அதட்டவில்லை. பிறகு சிடி ஸ்கான். அதில் என் நுரையீரல் கறுப்பாகத் தெரியவேண்டிய இடத்தில் சாம்பல் படர்ந்திருந்தது. ஜெர்மனில் அதற்குப் பால் கண்ணாடி என்று பெயர். குளியலறை யன்னலில் வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது, அந்தக் கண்ணாடி. அடுத்தது எல்லாவற்றிலும் எனக்குப் பயமானது: மயக்கம் தந்து, வாய் வழியாக மெல்லிய குழாயை நுரையீரலுக்குள் விட்டு, உப்புத் தண்ணீரால் ஒரு மூலையைக் கழுவி, அந்தத் தண்ணீரை எடுத்துச் சோதிப்பது. எனக்கு ஒன்றும் தெரியாது, நித்திரை. விழித்தபோது இவர் என் காலுறையைச் சரிசெய்துகொண்டிருந்தார். சரியாகத்தான் இருந்தது, ஆனாலும் சரிசெய்துகொண்டிருந்தார்.

முடிவைச் சொல்ல டொக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தா. ஆரணி தமிழில் சொல்லச் சொல்ல, நான் விளங்கிக்கொண்டது இது. என் நுரையீரலுக்குள் கிருமி இல்லை. புற்றுநோயும் இல்லை. நான் மூச்சோடு எதையோ நாள்தோறும் உள்ளே எடுக்கிறேன், பூஞ்சைத் தூசியோ, பறவைத் தூசியோ. அதை எதிரி என்று நினைத்து உடம்பின் காவல்காரர்கள் சண்டை போடுகிறார்கள், அந்தச் சண்டையில் நுரையீரல் வீங்குகிறது. கொர்ட்டிசோன் மாத்திரை சண்டையை நிறுத்தும். ஆனால் அந்தப் பொருளைக் கண்டுபிடித்து அகற்றாவிட்டால் வீக்கம் தழும்பாக மாறும். தழும்பு திரும்பாது. பிறகு மதாம் லூசியைப் போல மூக்கில் குழாய்தான்.

"என்ன பொருள்?" என்றேன்.

அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றா. கேள்விகள் வந்தன. வீட்டில் பறவை? இல்லை. இறகுப் போர்வை? இல்லை, எங்களுடையது பஞ்சு. வைக்கோல், குதிரை? சிரித்தேன். சுவரில் பூஞ்சை? நான் இருக்கும் வீட்டில் பூஞ்சையா என்று கோபம் வந்தது. மூச்சு விடுவதற்கு ஈரக்காற்று மெஷின் ஏதாவது பாவிக்கிறீர்களா? இல்லை.

பொய் சொல்லவில்லை. எனக்கு மெஷின் இல்லை. மரத்துக்குத்தான் இருந்தது.

மரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் படுக்கையறையில் நாங்கள் மூன்று பேர்: நான், இவர், இவருடைய கறிவேப்பிலை. ஷாஃப்ஹவுசன் நகரில் இருக்கும் இவருடைய சிநேகிதர், நாங்கள் அண்ணை என்று கூப்பிடுகிறவர், ஒரு கலியாண வீட்டில் வைத்து விரல் நீளக் கன்றைக் கொடுத்தார். கடைப்பையில் வைத்து, ரயிலில் மடியில் ஏந்திக்கொண்டு வந்தோம். கோடையில் அது பல்கனியில் நிற்கும். மாரியில் வெயில் விழும் யன்னல் படுக்கையறையில் மட்டும்தான், ஆகவே அங்கே. ஒவ்வொரு மாரியும் ஹீட்டர்க் காய்ச்சலில் இலை கொட்டி, மொட்டையாகி, கோடையில் தெளிந்து இவரைப் படாத பாடு படுத்தும். போன இலையுதிர் காலத்தில் யாரோ இணையத்தில் சொன்னதைக் கேட்டு, தண்ணீரைக் குளிர்ந்த புகையாக விடும் சின்ன மெஷின் ஒன்றை வாங்கி மரத்துக்குப் பக்கத்தில் வைத்தார். மரம் ஒரு இலை கொட்டவில்லை. தளதளவென்று நின்றது. வீட்டுக்கு வந்தவர்களை எல்லாம் நேரே படுக்கையறைக்குக் கூட்டிப்போய்க் காட்டுவார். வாய் திறக்காத மனிதர் அந்த மரத்தைப் பற்றி மட்டும் வசனம் வசனமாகக் கதைப்பார்.

இதெல்லாம் அந்தக் கேள்வி நேரத்தில் எனக்கு நினைவுக்கே வரவில்லை. கறிவேப்பிலை எங்களுக்குச் செடியா, சாமான்தானே. குசினியில் உப்பு இருக்கிறது என்று யாரும் டொக்டரிடம் சொல்லிக்கொண்டிருப்பதில்லை.

*

மாத்திரையோடு தெளிந்தேன். வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டில் இவர் செய்திருந்த வேலையைப் பார்த்து அழுகை வந்தது. கம்பளத்தைத் தூக்கி எறிந்திருந்தார். திரைச்சீலையை அவித்துத் தோய்த்திருந்தார். சாம்பிராணி இல்லை, மிளகாய் வறுப்பது இல்லை. சுவர் முழுக்க வினாகிரி போட்டுத் துடைத்து, அறை புளித்துக் கிடந்தது. குளிர் படக்கூடாது என்று யன்னலை இறுக்கச் சாத்தியிருந்தார்.

ஒரு கிழமை போகவில்லை, பட்டி திரும்பவும் இறுகியது. முன்னையைவிட மோசம். மாடிப்படியில் இறங்கும்போது ஒவ்வொரு தளத்திலும் உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்கினேன். கீழ்வீட்டு மனிதர் கதவைத் திறந்து நான் உட்கார ஒரு கதிரையை வெளியே வைத்துவிட்டு உள்ளே போனார்.

திரும்பவும் வார்டுக்குப் போனபோது மதாம் லூசி இன்னும் அங்கேதான் இருந்தா. "உன் கட்டிலைச் சூடாக வைத்திருந்தேன்," என்றா. டொக்டருக்கு முகம் சரியில்லை. இங்கே வந்தால் தெளிகிறீர்கள், வீட்டுக்குப் போனால் விழுகிறீர்கள், அது உங்கள் வீட்டுக்குள்தான் இருக்கிறது என்றா. இந்த முறை ஸ்கானில் பால் கண்ணாடிக்கு நடுவில் மெல்லிய கோடுகள் இரண்டு தெரிந்தன. தழும்பின் தொடக்கமாக இருக்கலாம் என்றா. ஆட்களை அனுப்பி வீட்டைச் சோதிக்கலாம் என்றும் சொன்னா.

ஆரணி இதைத் தமிழில் சொன்னபோது இவர் தலையைக் குனிந்துகொண்டார். வீட்டுக்குப் போனால் மனைவிக்கு வருத்தம் வருகிறது என்றால் எந்த மனிதனுக்குத்தான் சுடாது. எனக்கு மூச்சைவிட அந்தக் குனிந்த தலைதான் அன்று பாரமாக இருந்தது.

அடுத்த நாள் மத்தியானம் இவர் குடுவையில் ரசம் கொண்டு வந்தார். மருத்துவமனைச் சாப்பாட்டில் எனக்கு நாக்கே செத்துப்போயிருந்தது. மூடியைத் திறந்ததும் அறை மணந்தது. மதாம் லூசி திரையை விலக்கி எட்டிப் பார்த்தா. அந்த நேரம் டொக்டர் உள்ளே வந்து, நல்ல வாசம், இது என்ன இலை என்று கேட்டா.

இவர் முகம் மலர்ந்தது. நாட்கணக்காக அந்த முகத்தில் வெளிச்சம் பார்த்திருக்கவில்லை.

"பிள்ளை, இது நாங்கள் வளர்க்கிற மரம் எண்டு சொல்லு," என்றார் ஆரணியிடம். அவள் சொன்னாள். இவர் தொலைபேசியை எடுத்துப் படத்தைக் காட்டினார். "இந்த மாரிக்கும் ஒரு இலை கொட்டேல்ல எண்டு சொல்லு."

டொக்டர் புன்னகையோடு படத்தைப் பார்த்தா. பிறகு இரண்டு விரல்களால் படத்தைப் பெரிதாக்கினா. கட்டில் தெரிந்தது, என் தலையணை தெரிந்தது, மரம் தெரிந்தது, மரத்தடியிலிருந்து எழும்பும் வெள்ளைப் புகை தெரிந்தது. இது என்ன என்று கேட்டா.

"அது மரத்துக்கு ஈரக்காத்து விடுற மெஷின். நான் ஒவ்வொரு நாளும் நிரப்பிறனான்."

ஆரணி சொன்னாள். என்ன தண்ணீர் விடுகிறீர்கள் என்று டொக்டர் கேட்டா. இவருக்கு யாரும் இவ்வளவு அக்கறையாகக் கேட்டதில்லை.

"சும்மா தண்ணி இல்லையெண்டு சொல்லு. அரிசி கழுவின தண்ணி. வேருக்கு விட்டால் மரம் நல்லா வரும், எல்லாருக்கும் தெரியும். இலைக்கும் குடுத்தால் என்ன எண்டு மெஷினுக்கையும் கொஞ்சம் விட்டனான். பிறகுதான் பிள்ளை அது அப்பிடித் தழைச்சது."

ஆரணி பாதி சொல்லி நிறுத்தினாள். தகப்பனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மிச்சத்தை மிக மெதுவாகச் சொன்னாள். மெஷினை எப்போது கழுவினீர்கள் என்று டொக்டர் கேட்டதை அவள் கேட்கும்போது குரல் ஒரு மாதிரி இருந்தது.

"கழுவிறதோ? முடிய முடிய மேல விடுறதுதான்." இவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். "இவ வீட்டை வந்த பிறகு கூட்டி வைச்சனான். காய்ஞ்ச காத்து மரத்துக்கே ஆகாதெண்டால் இவவுக்கு எப்பிடி ஆகும்? கட்டில் பக்கமாத் திருப்பியும் விட்டனான்."

இதை ஆரணி மொழிபெயர்க்கவில்லை. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். இவருடைய சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது.

"அப்பா, அரிசித் தண்ணியைப் போய்..." என்று அவள் தொடங்கினாள்.

"ஆரணி, பேசாமல் இரு," என்றேன்.

டொக்டர் நல்ல பிள்ளை. இவருக்கு முன்னால் குனிந்து, மரத்தில் பிழை இல்லை, நாள்பட்ட தண்ணீரில்தான் பிழை, கஞ்சித் தண்ணீரில் பூஞ்சை விரும்பி வளரும், அதை மெஷின் தூளாக்கி அறை முழுக்கப் பரப்பியிருக்கும், தண்ணீரைச் சோதித்தால் உறுதியாகத் தெரியும், இப்போது கண்டுபிடித்தது நல்லது என்று ஒவ்வொன்றாகச் சொன்னா. இவருக்கு எது கேட்டது, எது கேட்கவில்லை என்று எனக்குத் தெரியாது. குடுவையை மூடியபோது மூடி சரியாகப் பொருந்தவில்லை. அப்படியே எடுத்துக்கொண்டு போய்விட்டார். "வாறன்" என்று சொல்லவில்லை.

மறுநாள் இவர் வரவில்லை. தொலைபேசியையும் எடுக்கவில்லை. வேலைக்கும் லீவு சொல்லியிருக்கிறார் என்று ஆரணி விசாரித்துச் சொன்னாள். நுரையீரல் மெல்ல விரிந்துகொண்டிருந்த அந்த நாளில்தான் எனக்கு மூச்சு முட்டியது. இந்த மனிதர் தன்னை என்ன சொல்லித் திட்டிக்கொண்டிருப்பார், அதைக் கேட்க வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று நினைத்து நினைத்து அழுதேன். என் மேல் இருந்த அன்பைத்தானே என் பக்கம் திருப்பி விட்டார். அதற்கு யார் மேல் கோபப்படுவது? மதாம் லூசி தன் கட்டிலிலிருந்து ஒரு திசுத்தாள் பெட்டியை என் பக்கம் எறிந்தா. "என் புருஷன் எனக்கு இருமல் என்றால் பாட்டைச் சத்தமாக வைப்பான். நீ அதிர்ஷ்டக்காரி," என்றா.

அதற்கடுத்த நாள் வந்தார். மெஷினைப் பிளாஸ்டிக் பைக்குள் பையைப் போட்டுக் கட்டி, தாதியிடம் ஒப்படைத்தார். என் பக்கத்தில் உட்கார்ந்தார். விரல் நுனிகள் கறுத்துப் பச்சையாக இருந்தன, கை முழுக்கக் கறிவேப்பிலை மணந்தது. என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "ம்," என்றார். அப்படி ஒரு "ம்" நான் முன்பு கேட்டதில்லை.

சோதனை முடிவு டொக்டர் சொன்னபடியே வந்தது. தண்ணீரில் இருந்த பூஞ்சைக்கும் என் இரத்தத்துக்கும் பகை. இப்போது கோடை. கொர்ட்டிசோனைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிட்டேன். பால் கண்ணாடி தெளிந்துவிட்டது, ஒரு மூலையில் அந்த இரண்டு கோடுகள் மட்டும் அப்படியே இருக்கின்றன, வளரவில்லை. தொழிற்சாலையில் வினாடி முள் பூட்டுகிறேன். மதாம் லூசியோடு ஞாயிறுகளில் தொலைபேசியில் கதைக்கிறேன், அவ குழாயோடு முணுமுணுக்கிறா. துன்னில் இருக்கிற சித்தப்பா மகனை டொக்டரிடம் போகும்வரை விடாமல் நச்சரித்தேன்; இப்போது அவனும் பம்ப் வைத்திருக்கிறான், ஒளிக்காமல். இதை வாசிக்கிறவர்கள், மூச்சுத் திணறலுக்கு டொக்டர் ஒரு எண் கேட்டால் சரியான எண்ணைச் சொல்லுங்கள். வீட்டில் புகை விடுகிற, ஈரம் விடுகிற எது இருந்தாலும், அது யாருக்காக என்று பாராமல் சொல்லுங்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது வீட்டுக்குப் போன அந்த நாளைத்தான்.

ஆரணி காரை நிறுத்தப் போயிருந்தாள். நானும் இவரும் படியேறினோம், மெதுவாக. படுக்கையறை யன்னல் அகலத் திறந்து கிடந்தது, உள்ளே வெளிக் குளிர். மரம் நின்ற இடத்தில் தரையில் வட்டமாக ஒரு அடையாளம் மட்டும். பல்கனியில் அது நின்றது, ஒரு இலை இல்லாமல், கொப்பும் தடியுமாக, பனிக் காற்றில். குசினிக்குப் போய் ஃப்ரீசரைத் திறந்தேன். கழுவி, துடைத்து, சின்னச் சின்னப் பைகளில் கட்டி அடுக்கியிருந்தார் இவ்வளவு நாள் வளர்த்த முழு மரத்தையும். அந்த ஒரு நாள் வராமல் போனது இதற்குத்தான்.

"இஞ்சாருங்கோ, இந்தக் குளிருக்க வெளியில விட்டால் அது செத்துப்போகுமெல்லோ, மரத்தில பிழை இல்லை தண்ணியிலதான் பிழையெண்டு அந்த டொக்டர்ப் பிள்ளை எத்தினை தரம் சொன்னவ, உங்களுக்கு அது காதில விழேல்லையோ?"

இவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன?" என்றேன்.

"முழுசாச் சொல்லிப்போட்டீர்," என்றார்.

அப்போதுதான் எனக்கும் தெரிந்தது. அவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லியிருந்தேன்.

இவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "மரம் போனால் இன்னொண்டு வைக்கலாம்," என்றார். "நீர் போனால்..."

அதற்கு மேல் வரவில்லை. அந்தத் தோள்கள் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த முறை வசனத்தை முடிப்பது என் வேலை என்று விளங்கியது.

"நான் போனால் இந்த வீட்டில கதைக்க ஆளில்லை," என்றேன்.

"ம்," என்றார்.